முதலாம் மேசை

ரெக்ஸ்டேல், ரொறன்ரோ
12 ஜனவரி 1986

தம்பி நீக்கிலாஸ்,

நீ எனக்குக் கடிதம் போட்டு ஒரு வருசம் தாண்டிப்போச்சு. நாங்கள் கொழும்பை விட்டு வெளிக்கிட்ட அண்டைக்கு நீ ரெலிபோனிலை சொன்ன சொல்லு இன்னும் என்ரை காதிலை கிடக்குது. "ஓடுற ஆக்கள் ஓடுங்கோ" எண்டனி. வீடு எரிஞ்சு, உடுத்த உடுப்போடை அகதி முகாமிலை படுத்தெழும்பின ஆக்களுக்குச் சொல்லுற கதையே அது? சரி, விடுவம். அதை எழுதத் தொடங்கினால் முந்தி எழுதின ரெண்டு கடிதம் மாதிரி இதுவும் கிழிபடும்.

மக்டலீன் நத்தாருக்கு அனுப்பின வாழ்த்து அட்டையிலைதான் விஷயம் தெரிஞ்சுது. நவம்பரிலை டுபாயிலை நடக்கிற செஸ் போட்டிக்கு இலங்கை அணியிலை உன்னை எடுத்திருக்கினமாம். இதை எனக்கு உன்ரை மனுசி சொல்லவேண்டியிருக்கு, நீ சொல்லேல்லை.

நான் நேரை சொல்லுறன். நீ போகவேணும். போய் விளையாடிப்போட்டுத் திரும்பாதை. உன்ரை அத்தான் அகஸ்ரினோடை வேலை செய்யிற ஒருத்தற்றை மைத்துனர் டுபாயிலை இருக்கிறார். அங்கையிருந்து இஞ்சை வர வழி பாக்கலாம் எண்டு சொல்லுறார். பிறகு மக்டலீனையும் பிள்ளையையும் எடுக்கிறது எங்கடை பொறுப்பு.

நாங்கள் இப்ப ரெக்ஸ்டேலிலை ஒரு வீட்டின்ரை பேஸ்மென்றிலை, நிலத்துக்குக் கீழை இருக்கிறம். அகஸ்ரினுக்கு பாக்ரறி வேலை. எனக்கு ஏர்போட் பக்கத்திலை, பிளேனுக்குப் போற சாப்பாட்டுத் தட்டு அடுக்கிற வேலை. வீட்டுக்காரர் கல்வான்ஸ் எண்டு ஒரு கிழவர். லத்வியாக்காரர். அந்த நாட்டை ரஷ்யா விழுங்கிப்போட்டுது எண்டு அவர்தான் சொன்னவர். மனுசி செத்துப்போனா, பிள்ளையள் இல்லை. எங்களோடை பெரிசாக் கதையில்லை. வாடகை வாங்குவார், வாசல் பனியை வழிக்கச் சொல்லுவார், அவ்வளவுதான்.

போன கிழமை உன்ரை விஷயத்தை நானும் அகஸ்ரினும் சத்தம் போட்டுக் கதைச்சுக்கொண்டிருக்க, கிழவர் உடுப்புத் தோய்க்கிற மெஷினடியிலை நிண்டிருக்கிறார். எங்கடை கதையிலை "செஸ்" எண்ட ஒரு சொல்லுத்தான் அவருக்கு விளங்கியிருக்கு.

"ஆர் விளையாடுறது?" எண்டு கேட்டார்.

"என்ரை தம்பி. நாட்டுக்காக விளையாடப் போறான்" எண்டன்.

"நானும் விளையாடினனான்" எண்டார். "என்ரை நாட்டுக்கு. நாடு இருந்த காலத்திலை."

மேலை கூட்டிக்கொண்டுபோய்ச் சுவரிலை ஒரு படம் காட்டினார். நரை விழாத வயதிலை, கையிலை ஒரு வெள்ளிக் கோப்பையோடை நிக்கிறார். ஏர்வின் கல்வான்ஸ் எண்ட பேர் உனக்குத் தெரியுமோ? தெரிஞ்சால் எழுது. தெரியாட்டிலும் எழுது.

உன்ரை அக்கா,
வேரோனிக்கா

*

யாழ்ப்பாணம்
23 பெப்ரவரி 1986

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் யாரோ திறந்து மறுபடி ஒட்டிய நிலையில் வந்து சேர்ந்தது. அதனால் நானும் கவனமாகவே எழுதுகிறேன்.

ரெலிபோனில் சொன்னது சொன்னதுதான். இன்றைக்கென்றால் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் சொல்லவேயில்லை என்று நடிக்க எனக்கு வராது.

அணியில் என்னை எடுத்தது உண்மை. நான் இன்னும் பதில் எழுதவில்லை. போன புதன்கிழமை பள்ளிக்கூடம் முடிந்து வந்தபோது வீட்டில் மூன்று பெடியள் இருந்தார்கள். மக்டலீன் தேத்தண்ணி கொடுத்திருந்தாள். ஒருவன் என்னிடமே கணிதம் படித்தவன். மரியாதையாக எழுந்து நின்றான்.

"சேர், அந்தக் கொடிக்குக் கீழை இருந்தோ விளையாடப் போறியள்?"

"இன்னும் முடிவெடுக்கேல்லை" என்றேன்.

"நாங்கள் ஒண்டும் சொல்லேல்லை, சேர். எண்பத்தி மூண்டு கலவரத்தை மறந்துபோனியளோ எண்டு கேட்டுப்போட்டுப் போக வந்தனாங்கள்."

குடித்த கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் சத்தம் போட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். மக்டலீன் அன்றிலிருந்து வாசல் படலைச் சத்தம் கேட்டால் குழந்தை செலீனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள்.

கல்வான்சைத் தெரியும். பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது ஒரு பழைய ஜெர்மன் சஞ்சிகையில் அவருடைய ஆட்டம் ஒன்றைப் பார்த்தேன். ராணியைக் கொடுத்துவிட்டுப் பொறுமையாக இருந்து, கடைசியில் ஒரு சிப்பாயை வைத்து வென்ற ஆட்டம். அப்படி விளையாடும் மனிதன் உங்கள் வாசலில் பனி வழிக்கச் சொல்லிக்கொண்டு நிற்கிறார் என்பதை நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

அவரிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள். அவருடைய நாட்டுக்குள் அன்னியன் வந்தபோது, அந்த அன்னியனுடைய கொடிக்குக் கீழே விளையாடச் சொல்லி அவரைக் கேட்டிருப்பார்கள். அவர் என்ன செய்தார்?

நீக்கிலாஸ்

*

ரெக்ஸ்டேல்
30 மார்ச் 1986
உயிர்த்த ஞாயிறு

தம்பி,

பெடியள் வந்துபோன கதையை வாசிச்சு எனக்கு நித்திரை இல்லை. அகஸ்ரின் சொல்லுறார், கோப்பை கழுவி வைச்ச பெடியளெண்டால் பயமில்லையாம். எனக்கு அப்பிடித் தெரியேல்லை.

நீ கேட்டதைக் கேட்டன். கிழவருக்கு நீ அவற்றை ஆட்டத்தைப் பாத்தனி எண்டு சொன்ன உடனை முகம் மாறிப்போச்சு. கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். அதுக்குப் பிறகு நாலு ஞாயிறு, பூசை முடிஞ்சு வந்தால் மேலைதான். அவற்றை சீவியம் முழுக்க எனக்குப் பாடம்.

தகப்பன் ரயில்வேயிலை வேலை. ஊர் யெல்காவா எண்டு ஒரு சின்னப் பட்டினம். முதல் யுத்தத்திலை அகதியாய் ரஷ்யாவுக்குள்ளை போய், அங்கை ஒரு காயப்பட்ட ஆமிக்காரனிட்டை விளையாட்டுப் பழகினவராம். யுத்தம் முடியத் திரும்பி வந்தால் லத்வியா தனி நாடு. "எனக்கும் என்ரை நாட்டுக்கும் ஒரே நேரத்திலைதான் மீசை முளைச்சது" எண்டார். றீகா எண்ட தலைநகரத்திலை ரயில்வேக் கந்தோரிலை படம் கீறுற வேலை. பின்னேரம் ஒரு கோப்பிக் கடையிலை செஸ். இருவத்தொரு வயதிலை மாஸ்ரர் பட்டம். பிறகு நாட்டு அணி. ஹம்பேர்க், வார்சோ, ஸ்ரொக்ஹோம் எண்டு அடுக்கினார். ஒரே கோட்டு, ஒரே சப்பாத்து, மூண்டாம் வகுப்பு ரயில். சம்பளமில்லாத லீவிலை போறது. திரும்பி வர ஸ்ரேசனிலை பாண்ட் வாத்தியம் நிக்குமாம். அந்த நாட்டுக்கு உலகத்திலை பேர் சொல்ல வேறை என்ன இருந்தது எண்டு கேக்கிறார்.

அணியிலை கெட்டிக்காரன் இருக்கிறது முதலாம் மேசை. அதிலை லியோ ஹிர்ஷ் எண்டு ஒருத்தர். இவர் எப்பவும் ரெண்டாம் மேசை. நாட்டுச் சாம்பியன் போட்டியிலையும் அப்பிடித்தான், லியோ முதலாவது, இவர் ரெண்டாவது. "பன்னிரண்டு வருசம் அவன்ரை முதுகைப் பாத்துக்கொண்டு நடந்தனான்" எண்டு சிரிச்சார். ஆனால் ரயிலிலை ஒரு பாணைப் பிச்சுத் திண்ட சிநேகிதராம்.

முப்பத்தொம்பதிலை போட்டி ஆர்ஜென்ரீனாவிலை. கப்பலிலை போய் விளையாடிக்கொண்டிருக்கேக்கை ஐரோப்பாவிலை யுத்தம் தொடங்கியிட்டுது. கனபேர் அங்கையே நிண்டிட்டினம். இவருக்கு மில்டா எண்ட அந்த மனுசி ஊரிலை. லியோவுக்கு வயது போன தாய். ரெண்டு பேரும் திரும்பிக் கப்பல் ஏறியிருக்கினம்.

அடுத்த வருசம் ரஷ்யன் வந்தான். கொடி மாறிச்சுது. மொஸ்கோவிலை விளையாட வா எண்டான். போனார், லியோவும் போனார். அதுக்கடுத்த வருசம் ஜெர்மன்காரன் வந்தான். கொடி திரும்ப மாறிச்சுது. றீகாவிலை போட்டி வை எண்டான். விளையாடினார். அந்த முறைதான் சாம்பியன். சுவர்ப் படத்திலை இருக்கிற கோப்பை அதுதான்.

"காய்க்குக் கொடி இல்லை, மிஸிஸ்" எண்டார். "மேசையிலை கறுப்பும் வெள்ளையும்தான். உன்ரை தம்பியைப் போய் விளையாடச் சொல்லு."

கேட்டியோ? அனுபவிச்ச மனுசன் சொல்லுறார். பெடியளுக்கும் இதையே சொல்லு. இல்லாட்டி ஒண்டும் சொல்லாமல் வெளிக்கிடு.

அக்கா

*

யாழ்ப்பாணம்
11 மே 1986

அன்புள்ள அக்கா,

கொழும்புக்குப் போகும் சுவாமியார் ஒருவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். அவர் அங்கே தபாலில் போடுவார். ஆகவே இந்தமுறை திறந்து எழுதலாம்.

தெரிவுப் போட்டியில் நான் வெல்லவில்லை. வென்றவன் சண்முகநாதன். உங்களுக்கு அவனைத் தெரியும், கொக்குவில், வங்கியில் வேலை, எங்கள் கலியாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன். பல்கலைக்கழகத்தில் தொடங்கி ஒவ்வொரு சனிக்கிழமையும் அவனோடுதான் விளையாடினேன். பத்து ஆட்டத்தில் ஏழு அவனுக்கு.

நவம்பர் கடைசியில் கொழும்பில் தெரிவு முடிந்து அவன் எனக்கு ஒரு நாள் முன்னதாக ரயிலேறினான். வவுனியாவில் ஆமி ரயிலை மறித்து இளம் ஆட்களை இறக்கியிருக்கிறது. அவனும் இறக்கப்பட்டான். அதற்குப் பிறகு எந்தச் செய்தியும் இல்லை. அவனுடைய தாய் யோகமலர் அன்ரி முகாம் முகாமாகப் போய்வருகிறார். எங்களிடம் இல்லை என்கிறார்கள். உயிரோடு இருக்கிறானா என்றுகூட எவரும் சொல்லவில்லை.

சில கிழமைகளில் தெரிவுக்குழுவின் கடிதம் எனக்கு வந்தது. "முதலாம் இடம் வெறுமையாகியுள்ளதால்" அடுத்தவராகிய நான் அணியில் சேர்க்கப்படுகிறேனாம். வெறுமையாகியுள்ளது. அந்தச் சொல்லை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியவில்லை. ஏன் என்று ஒரு வரி கிடையாது.

இதனால்தான் உங்களுக்கு எழுதவில்லை. இயக்கப் பெடியள் கொடியைப் பற்றிக் கேட்கிறார்கள். நீங்கள் உயிரைப் பற்றிச் சொல்கிறீர்கள். எனக்கு அந்த இரண்டும் பிரச்சினை இல்லை. யோகமலர் அன்ரியின் வீட்டு வாசலைத் தாண்டித்தான் நான் பள்ளிக்கூடம் போகிறேன்.

உங்கள் கிழவரின் கதை ஓரிடத்தில் இடிக்கிறது. பன்னிரண்டு வருடம் ஹிர்ஷ் முதலாவது, அவர் இரண்டாவது. நாற்பத்தொன்றில் மட்டும் அவர் எப்படி முதலாவது ஆனார்? ஹிர்ஷ் என்பது யூதப் பெயர். அது ஜெர்மன்காரன் றீகாவுக்குள் வந்த வருடம். அவர் சொல்லாமல் விட்ட இடம் அதுதான். தயவுசெய்து கேளுங்கள்.

நீக்கிலாஸ்

*

ரெக்ஸ்டேல்
22 ஜூன் 1986

தம்பி,

சண்முகநாதனை நினைச்சு அழுதன். உன்ரை கலியாணத்திலை மோதிரத்தை மறந்துபோய்த் திரும்ப வீட்டை ஓடினவன் அவன்தானே. ஒவ்வொரு நாளும் அவனுக்காகச் செபிக்கிறன்.

நீ கேக்கச் சொன்னதைக் கேட்டதாலை எங்களுக்கு வீடு போகப் பாத்தது. முழுக்க எழுதுறன்.

பூசையாலை வந்து மேலை போய், கோப்பி ஊத்தித் தந்தவரிட்டை, "மிஸ்ரர் கல்வான்ஸ், அந்த வருசம் லியோ எங்கை?" எண்டு கேட்டன். அவர் ஊத்தின கோப்பியைத் திரும்பக் கேத்திலுக்குள்ளை ஊத்தினார். பாதி மேசையிலை சிந்திச்சுது.

"இந்த மாசக் கடைசியோடை வீட்டை விடுங்கோ" எண்டார்.

கீழை வந்து சொன்னன். அகஸ்ரினுக்கு வந்த கோவம் சொல்லேலாது. "ஆற்றையோ லத்வியன்ரை கதையைக் கிண்டி என்ரை தலைக்கு மேலை இருந்த கூரையைக் கழட்டிப்போட்டியள் அக்காவும் தம்பியும்" எண்டார். அவர் சொல்லுறதிலையும் நியாயம் இருக்கு. இஞ்சை எங்களுக்கு வீடு குடுக்கிற ஆக்கள் குறைவு. மூண்டு இடத்திலை ஆள் வந்திட்டுது எண்டு சொன்னாங்கள். நேரிலை போய்ப் பாத்தால் "வாடகைக்கு" எண்ட பலகை அப்பிடியே தொங்குது.

சாமானெல்லாம் பெட்டியிலை கட்டி வைச்சிருந்த சனிக்கிழமை மத்தியானம் கிழவர் படியாலை இறங்கி வந்தார். இவ்வளவு காலத்திலை கீழை வந்து இருந்ததில்லை. ஒரு பெட்டிக்கு மேலை இருந்தார். அகஸ்ரினும் நிண்டவர்.

லியோவை ஜெர்மன்காரர் மற்ற யூத ஆக்களோடை நகரத்தின்ரை ஒரு பக்கத்திலை முள்ளுக்கம்பிக்குள்ளை அடைச்சு வைச்சிருந்தினமாம். தாயோடை. அந்த நேரத்திலைதான் சாம்பியன் போட்டி. "லியோ இல்லாதபடியால் நீர் முதலாம் இடத்திலை இரும்" எண்டு ஒழுங்கு செய்தவை இவருக்குச் சொல்லியிருக்கினம்.

"மறுத்தால் என்னையும் சுடுவாங்கள் எண்டு நினைச்சன்" எண்டார். "மில்டாவையும் சுடுவாங்கள் எண்டு நினைச்சன்."

விளையாடின மண்டபத்திலையிருந்து அந்த முள்ளுக்கம்பிக்கு ட்ராமிலை போகலாம், அவ்வளவு கிட்ட. போகேல்லை. ஒருக்காலும் போய்ப் பாக்கேல்லை. போட்டி முடிஞ்சு கோப்பை வாங்கின கிழமை, அங்கை இருந்த சனத்தைப் பனிக்குள்ளாலை நடத்திக் கொண்டுபோய்க் காட்டுக்குள்ளை சுட்டாங்கள். லியோவும் தாயும் அதுக்குள்ளை.

நான் சொன்னன், "நீங்கள் என்ன செய்திருப்பியள், உங்களையும் சுட்டிருப்பாங்கள்தானே" எண்டு. ஆறுதலுக்குத்தான் சொன்னன்.

கிழவர் இல்லையெண்டு தலையாட்டினார். "ஓட்டோ எண்டு ஒருத்தன் இருந்தான். மருந்துக்கடைக்காரன். அவனையும் விளையாடக் கூப்பிட்டவங்கள். எனக்குப் பல்லு நோகுது, வரமாட்டன் எண்டான். எல்லாருக்கும் தெரியும் ஏன் வரேல்லையெண்டு."

"அவருக்கு என்ன நடந்தது?" எண்டு அகஸ்ரின் கேட்டார்.

"ஒண்டும் நடக்கேல்லை" எண்டார் கிழவர். "யுத்தம் முடியும் மட்டும் மருந்து வித்தான். அவனுக்கு ஒண்டுமே நடக்கேல்லை."

பிறகு அவர் எழும்பி, பெட்டியளை அவிழ்க்கச் சொல்லிப்போட்டு மேலை போனார்.

தம்பி, இதை உனக்கு எழுதாமல் விடலாம் எண்டு ரெண்டு கிழமை யோசிச்சன். எழுதினால் நீ போகமாட்டாய் எண்டு எனக்குத் தெரியும். உன்னைச் சின்னனிலை தூக்கி வளர்த்தனான். பொய் சொல்லி உன்னைப் பிளேனிலை ஏத்தினால், பிறகு உன்ரை முகத்தைப் பாக்க என்னாலை ஏலாது. அதாலை எழுதுறன். ஆனால் ஒண்டு கேள். அந்த ஓட்டோவுக்கு ஒண்டும் நடக்கேல்லை எண்டதுக்காக உனக்கும் நடக்காது எண்டு இல்லை. உனக்கு ஒரு பெம்பிளைப்பிள்ளை இருக்கு.

அக்கா

*

யாழ்ப்பாணம்
24 ஓகஸ்ட் 1986

அன்புள்ள அக்கா,

இதையும் சுவாமியார்தான் கொண்டுபோகிறார்.

தெரிவுக்குழுவுக்கு எழுதிவிட்டேன். பல்லு நோகிறது என்று எழுதவில்லை. "அந்த இடம் வெறுமையாகவில்லை. அதற்குரியவரை ரயிலில் இருந்து இறக்கியிருக்கிறார்கள். அவர் எங்கே என்று அறியும்வரை அவருடைய இடத்தில் நான் இருக்க மாட்டேன்" என்று எழுதினேன். மக்டலீன் வாசித்துப் பார்த்தாள். முத்திரை ஒட்டித் தந்தாள். அன்று முழுவதும் என்னோடு கதைக்கவில்லை.

ஒரு மாதம் பதில் இல்லை. பிறகு குழுவின் செயலாளரிடமிருந்து கையால் எழுதிய கடிதம் வந்தது. அவர் ஓய்வுபெற்ற ஒரு சிங்கள மனிதர், இதய வருத்தக்காரர். என் கடிதத்தைக் கையில் கொண்டு தானே கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியிருக்கிறார். சண்முகநாதன் தெற்கே ஒரு தடுப்பு முகாமில் இருக்கிறான். உயிரோடு இருக்கிறான். "தாயாருக்கு உடனே சொல்லவும். நீர் எழுதும்வரை நான் கேட்கவில்லை" என்று முடித்திருந்தார்.

யோகமலர் அன்ரியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். முற்றம் கூட்டிக்கொண்டிருந்தவர் விளக்குமாறோடு நிலத்தில் இருந்துவிட்டார். எட்டு மாதம், அக்கா.

இனி நீங்கள் விரும்பாத பகுதி. விஷயம் எப்படியோ வெளியே வந்துவிட்டது. பெடியள் ஒரு துண்டுப் பிரசுரம் அடித்து ஒட்டிவிட்டார்கள். அரச அணியைத் தூக்கியெறிந்த ஆசிரியர் என்று என் பெயர், பள்ளிக்கூடத்தின் பெயர், எல்லாம். நான் தேடிப்போய்ச் சொன்னேன், "உங்களுக்காகச் செய்யேல்லை, என்ரை சிநேகிதனுக்காகச் செய்தது" என்று. "ஏனெண்டாலும் பரவாயில்லை, சேர்" என்று சிரித்தான் என்னிடம் படித்தவன்.

அந்தப் பிரசுரம் நிச்சயம் ஆமியின் கைக்கும் போயிருக்கும். இனி ஆனையிறவுச் சோதனைச் சாவடியை என்னால் தாண்ட முடியாது. டுபாய் மட்டுமல்ல, கொழும்பும் இல்லை. நீங்கள் எனக்காகத் திறந்து வைத்த வழியை நானே பூட்டிவிட்டேன். ஓட்டோவுக்கு நடக்காதது எனக்கு நடந்திருக்கிறது. உங்களிடம் கோபம் இருந்தால் எழுதுங்கள். அதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

நீக்கிலாஸ்

*

ரெக்ஸ்டேல்
19 ஒக்ரோபர் 1986

தம்பி,

கோவம்தான். ஒரு கிழமை உன்ரை பேரைச் சொல்ல விடேல்லை நான். பிறகு யோகமலர் அன்ரி விளக்குமாறோடை இருந்ததை நினைப்பன், கோவம் போயிடும். பிறகு செலீனை நினைப்பன், திரும்ப வரும். இப்பிடித்தான் இருக்கு.

உன்ரை கடிதத்தைக் கல்வான்சுக்கு இங்கிலீசிலை வாசிச்சுச் சொன்னன். அந்தச் செயலாளர் எழுதின வரியைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். பிறகு கேட்டார், "நான் எழுதியிருந்தால் லியோவை ஆரேனும் தேடியிருப்பினமோ?" எண்டு. எனக்கு என்ன தெரியும்? அது வேறை காலம், வேறை ஆக்கள் எண்டன். "ஓம். ஆனால் நான் எழுதிப் பாக்கேல்லை" எண்டார்.

போன மாசம் அவருக்கு எண்பது வயது. லத்வியன் ஆக்கள் தங்கடை மண்டபத்திலை விழா வைச்சவை. எங்களையும் வரச் சொல்லிக் கேட்டார். அகஸ்ரின்தான் கார் ஓடினது. மண்டபச் சுவரிலை இவற்றை படம், கீழை "சாம்பியன், 1941". கேக், பூ, தேசிய உடுப்பிலை சின்னப் பிள்ளையளின்ரை பாட்டு. பிறகு இவரைக் கதைக்கக் கூப்பிட்டினம்.

அவர் தங்கடை பாஷையிலை கதைச்சார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை. "லியோ ஹிர்ஷ்" எண்ட பேர் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுது. முதலிலை எல்லாரும் சிரிச்சுக்கொண்டிருந்தவை. பிறகு சிரிப்பு நிண்டுது. கேக் வெட்ட நிண்ட பெண் கத்தியை வைச்சுப்போட்டுக் குசினிக்குள்ளை போனா. ஒரு ஆள் எழும்பி ஏதோ கத்திச் சொல்லிப்போட்டு வெளியாலை போனார். அவருக்குப் பின்னாலை இன்னும் கொஞ்சப் பேர். தலைவர் ஓடிப்போய்ப் பாட்டுப் பெட்டியைப் போட்டார். பாட்டுக்கு மேலாலை கிழவர் கதைச்சு முடிச்சார்.

காருக்குள்ளை வைச்சுக் கேட்டன், என்ன சொன்னியள் எண்டு.

"படத்தைக் கழட்டுங்கோ, இல்லாட்டி லியோவின்ரை படத்தை அதுக்கு மேலை போடுங்கோ எண்டு சொன்னன்."

"கத்தினவர் என்ன சொன்னவர்?"

"இண்டைக்கு ஏன் இந்தக் கதை எண்டு கேட்டார். நாங்களும்தானே ரஷ்யனாலை அழிஞ்சனாங்கள் எண்டார். அதுவும் உண்மைதான்."

கார் வெளிக்கிடேக்கை ஒரு வயது போன பெண் ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினா. லியோவின்ரை தெருவிலை இருந்தவவாம். அவற்றை கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா. அதுக்குப் பிறகு அந்த ஆக்கள் ஒருத்தரும் அவருக்குப் போன் எடுக்கிறதில்லை. சாப்பாடு கீழையிருந்துதான் போகுது. எங்கடை உறைப்பு அவருக்கு ஒத்துக்கொள்ளேல்லை, ஆனாலும் சாப்பிடுறார்.

உன்னட்டை ஒண்டு கேக்கச் சொன்னார். அவரைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் எண்டு. நான் எழுதமாட்டன் எண்டன். எழுதியிட்டன்.

அக்கா

*

யாழ்ப்பாணம்
6 செப்ரெம்பர் 1987

அன்புள்ள அக்கா,

ஒரு வருடமாகக் கடிதப் போக்குவரத்தே இல்லை. ஷெல்லடி, பங்கர், மூடிய பள்ளிக்கூடம் என்று கழிந்துவிட்டது. இப்போது ஒப்பந்தம் வந்து இந்திய ஆமி வந்திருக்கிறது. சனம் மாலை போடுகிறது. பஸ் ஓடுகிறது.

சண்முகநாதனை விட்டுவிட்டார்கள். போன மாதம் வந்தான். பாதி ஆளாகிவிட்டான். வலது கைப் பெருவிரல் மடங்காது. கட்டிப்பிடிக்கப் போனேன், தள்ளிவிட்டான்.

"நீ ஏன்ரா போகேல்லை?"

"உன்ரை இடம் எண்டபடியால்" என்றேன்.

"இடமோ? நான் உள்ளுக்கை கிடக்க உனக்கு இடம்தான் பிரச்சினையோ? நீ டுபாய்க்குப் போயிருந்தால் அங்கை எத்தினை நாட்டுப் பேப்பர்காரர். ஒருத்தனைப் பிடிச்சு என்ரை பேரைச் சொல்லியிருக்கலாம். நீ நல்லவனாய் இருக்கப் பாத்தாய். அவ்வளவுதான்."

அவன் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அதை நான் யோசிக்கவே இல்லை. யோகமலர் அன்ரி அடுப்படியில் இருந்து வந்து, "உவன் எழுதினபடியால்தான் நீ இருக்கிறாயெண்டு எனக்குத் தெரிஞ்சுது. அந்த எட்டு மாசம் நான் இருந்த இருப்பு உனக்குத் தெரியாது. வாயை மூடு" என்றார். அவன் வாயை மூடினான். ஆனால் என்னைப் பார்க்கவில்லை. இரண்டு கிழமை கழித்துத் தானாகவே சனிக்கிழமை வந்து பலகையை விரித்தான். இடது கையால் விளையாடுகிறான். தோற்றது நான்தான்.

கல்வான்சிடம் சொல்லுங்கள். அவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. நாற்பத்தைந்து வருடம் கழித்தென்றாலும் அந்த மண்டபத்தில் எழுந்து நின்றாரே, அதைச் செய்ய எனக்குத் தைரியம் வருமா என்று தெரியாது.

உங்களுக்கும் ஒன்று. என்னை எப்படியாவது வெளியே எடுக்க வேண்டும் என்று நின்ற நீங்கள்தான், என்னை இங்கே நிற்கவைக்கும் என்று தெரிந்தே அந்தக் கதையை மறைக்காமல் எழுதினீர்கள். அது உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று இப்போதுதான் விளங்குகிறது.

பாதை திறந்திருக்கிறது. மக்டலீன் களைத்துவிட்டாள். நாங்கள் வருகிறோம். அத்தானிடம் சொல்லி அலுவலைத் தொடங்குங்கள்.

நீக்கிலாஸ்

*

ரெக்ஸ்டேல்
25 ஒக்ரோபர் 1987

தம்பி,

இது உன்ரை கையிலை கிடைக்குமோ தெரியாது. இந்திய ஆமிக்கும் பெடியளுக்கும் யுத்தம் தொடங்கியிட்டுது, யாழ்ப்பாணம் முழுக்க ஷெல்லடி எண்டு ரேடியோவிலை சொல்லுறாங்கள். ஆஸ்பத்திரிக்குள்ளையும் செத்திருக்கினம் எண்டு சனம் கதைக்குது. உங்கடை கோயிற்பற்றுக்கு, ஆயர் இல்லத்துக்கு, கொழும்பிலை தெரிஞ்ச எல்லாருக்கும் போன் எடுத்துப் பாத்தாச்சு. லைன் இல்லை.

இஞ்சை பேப்பர் அலுவல் முடிஞ்சுது. கொழும்பிலை கனடாக் கந்தோருக்கு உன்ரை பேர் போயிட்டுது. ஆள்தான் எங்கையெண்டு தெரியேல்லை.

கல்வான்ஸ் ஒவ்வொரு காலமையும் படியிலை நிண்டு "தம்பி?" எண்டு கேக்கிறார். அந்தச் சொல்லை எங்களிட்டைப் பழகியிட்டார். நான் இல்லையெண்டு தலையை ஆட்டுவன். திரும்ப ஏறிப் போவார்.

ஒரு வரி போடு. உன்ரை கையெழுத்து மட்டுமெண்டாலும் போதும்.

அக்கா

*

கொழும்பு
17 ஜனவரி 1988

அன்புள்ள அக்கா,

மூவரும் உயிரோடு இருக்கிறோம்.

ஒக்ரோபரில் மூன்று கிழமை கோவிலுக்குள் கிடந்தோம், ஆயிரக்கணக்கான சனத்தோடு. பீடத்துக்குப் பின்னால் ஒரு பாயளவு இடம். வீட்டின் முன்பக்கம் இல்லை. மக்டலீனுக்குக் காதில் கொஞ்சம் கேட்கவில்லை, வைத்தியம் பார்க்கலாம் என்கிறார்கள். என்னிடம் படித்த அந்தப் பெடியன் சண்டையில் செத்துப்போனான். கோப்பை கழுவி வைத்தவன். தாய் வந்து சொன்னார்.

கனடாக் கந்தோரில் போன கிழமை நேர்முகம் முடிந்தது. விசா தருகிறார்கள்.

வெளிக்கிடுவதற்கு முன் சண்முகநாதனிடம் போனேன். அவன் வரமாட்டான். தாயை விட்டு வர முடியாது, அவரும் கொக்குவிலை விட்டு வரமாட்டார்.

"ஏன்ரா முழிக்கிறாய்? இந்தமுறை என்னைக் கேட்டுத்தானே போறாய்" என்றான். "போ. ஆனால் அங்கை போய்ச் சும்மா இராதை. கேக்கிறவனிட்டையெல்லாம் கதை. பேர் சொல்லிக் கதை."

சொல்வேன் என்று கைகொடுத்தேன். அவன் இடது கையைத் தந்தான்.

கல்வான்சிடம் சொல்லுங்கள், தம்பி வருகிறான் என்று. லியோ ஹிர்ஷின் ஆட்டங்கள் அவருக்கு ஞாபகம் இருக்கும். முதலில் அவற்றைத்தான் நான் பார்க்க விரும்புகிறேன்.

பெப்ரவரி ஒன்பதாம் திகதி மாலை பிளேன் இறங்கும். மக்டலீனுக்கும் பிள்ளைக்கும் குளிருக்கு ஏதாவது கொண்டு வாருங்கள், எங்களிடம் ஒன்றும் இல்லை. நீங்கள் போகும்போது செலீன் கைக்குழந்தை. இப்போது நாலு வயது முடிந்துவிட்டது. புது ஆட்கள் தொட்டால் அழுவாள், பெரிய சத்தம் கேட்டால் மேசைக்குக் கீழே போய்விடுவாள். உங்களைக் கண்டதும் ஓடி வரமாட்டாள், அக்கா. அதை மனதில் வைக்காதீர்கள். கொஞ்சம் தள்ளி நின்று பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். தானாக வருவாள்.

உங்கள் தம்பி,
நீக்கிலாஸ்